குளிர்காலச் சூப்: எது எப்போது பாத்திரத்தில் விழ வேண்டும்

குளிர் மாதங்களில் எங்கள் வீட்டு இரவு உணவு பெரும்பாலும் சூப்பாகவே இருக்கும். விருந்துக்கு முன் பசியைத் தூண்டுவதற்காகச் சிறு கிண்ணத்தில் தரப்படும் சூப்பை நான் சொல்லவில்லை. ஒரு துண்டு ரொட்டியைத் துணைக்கு வைத்துக்கொண்டால் அதுவே முழுச் சாப்பாடாகி, உண்டு முடித்த பிறகும் நெடுநேரம் உடலில் கதகதப்பை நிறுத்தி வைக்கும் சூப்பைச் சொல்கிறேன். பல ஆண்டுகளாக அதைச் செய்துவந்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. சூப்பின் சுவையைப் பொருள்களின் பட்டியலைக் காட்டிலும், எது முதலில் விழுகிறது, எது கடைசிவரை காத்திருக்கிறது என்னும் வரிசையே அதிகம் தீர்மானிக்கிறது. வெங்காயம், தக்காளி, பருப்பு, உப்பு என்று அதே நான்கைந்து பொருள்களை எடுத்துக்கொண்டு, வரிசையை மட்டும் மாற்றிச் செய்து பார்த்தால், ஒன்று வாய்க்கு நிறைவாகவும் மற்றொன்று வெறும் வெந்நீராகவும் வந்து நிற்கும்.

எந்தச் சூப்பானாலும் முதல் வேலை வதக்குவது. தண்ணீர் சூழ்ந்திருக்கும் வரை திறந்த பாத்திரத்தில் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. காய்கறியிலும் இறைச்சியிலும் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பொன்னிறமும் வறுபட்ட மணமும் விரைவாக உண்டாக, ஏறத்தாழ 140 டிகிரி வெப்பம் வேண்டும். 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மயாரின் பெயராலேயே அந்த வினை வழங்குகிறது. ஆகவே தண்ணீர் ஊற்றிய பிறகு எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அந்த மணம் எளிதில் வந்து சேராது. ஊற்றுவதற்கு முன்பே அதை உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போய்வந்த அலுப்பில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் போட்டு மூடிவிட வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்புதான். ஆனாலும் அந்த முதல் பதினைந்து நிமிடங்களை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இதை முழுமையாகக் கற்றுத் தருவது வெங்காய சூப். ஒரு கிலோ வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கி, அடிகனமான அகன்ற பாத்திரத்தில் 40 கிராம் வெண்ணெயும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு, ஒரு சிட்டிகை உப்புடன் போட்டு, முதல் பத்து நிமிடம் மூடி வைக்கிறேன். உப்பும் ஆவியும் சேர்ந்து வெங்காயத்தின் நீரை வெளியே இழுத்துவிடும். பிறகு மூடியை எடுத்துவிட்டு, நடுத்தரத்துக்கும் குறைவான தீயில் அவ்வப்போது கிளறிக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் கண்ணைவிடக் காதுதான் அதிகம் உதவும். நீர் இருக்கும்வரை பாத்திரத்திலிருந்து ஈரமான சலசலப்பு எழும். நீர் வற்றியதும் அந்த ஒலி சுருங்கிப் படபடவென்ற பொரிதலாக மாறும். அதிலிருந்துதான் நிறம் பிடிக்கத் தொடங்குகிறது. பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டும். அது கருகல் அல்ல, சூப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது. இரண்டு கரண்டித் தண்ணீர் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டினால் படலம் முழுவதும் கரைந்து வெங்காயத்தில் ஏறிவிடும். மறுபடியும் ஒட்டும், மறுபடியும் சுரண்ட வேண்டும். ஒரு கிலோ வெங்காயம் இரண்டு கைப்பிடி அளவுக்குச் சுருங்கி, தேன் நிறத்தையும் தாண்டிய பழுப்புக்கு வர முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் ஆகிவிடும் என்று எழுதும் செய்முறைகளை நம்ப வேண்டாம். தீயைக் கூட்டினால் ஓரங்கள் கருகுமே தவிர உள்ளே இனிப்பு திரளாது. அதன்பின் ஒரு லிட்டர் எலும்புச் சாறோ காய்கறிச் சாறோ ஊற்றி, ஒரு பிரிஞ்சி இலை போட்டு, இருபது நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, இறக்கும்போது ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்தால் போதும். மேலே சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியை மிதக்கவிடுவது அவரவர் விருப்பம். எனக்கு அது இல்லாமலும் நிறைவாகவே இருக்கிறது.

தக்காளி சூப்பில் வரிசை வேறு விதமாகப் பயன்படுகிறது. குளிர்காலத்தில் கிடைக்கும் தக்காளி பெரும்பாலும் வெளிறியும் சுவையற்றும் இருக்கும். அதைப் பச்சையாக வேகவைத்து அரைத்தால் புளித்த நீர்தான் மிஞ்சும். அதனால் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி தட்டில் அடுக்கி, தோல் உரிக்காத பூண்டுப் பற்களையும் எண்ணெயையும் சேர்த்து, 200 டிகிரி ஓவன் அடுப்பில் 40 நிமிடம் சுட்டு எடுக்கிறேன். அந்த வசதி இல்லாதவர்கள் அகன்ற வாணலியில் வெட்டிய பக்கத்தைக் கீழே வைத்து, அசைக்காமல் நிறம் ஏறும்வரை விட்டாலும் போதும். தக்காளி விழுது சேர்ப்பதானால் அதை எண்ணெயில் இரண்டு மூன்று நிமிடம், செந்நிறம் செங்கல் நிறமாக மாறும்வரை வதக்கிய பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைக்கோபீன் கொழுப்பில் கரையக்கூடியது. சூடேறும்போது திசுக்களிலிருந்து விடுபட்டு, எண்ணெயோடு சேரும்போது உடலால் எளிதில் ஏற்கப்படுகிறது. சுவைக்காகச் செய்வது உடலுக்கும் நல்லதாக அமைவதில் எனக்கு மகிழ்ச்சி.

நான் அதிகம் செய்வது மசூர் பருப்பு சூப். ஊறவைக்க வேண்டியதில்லை, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் தானாகவே குழைந்துவிடும், அரைக்கவும் தேவையில்லை. நான்கு பேருக்கு 200 கிராம் பருப்பும் 1.2 லிட்டர் தண்ணீரும் போதும். நறுக்கிய வெங்காயம், ஒரு கேரட், நாலைந்து பல் பூண்டு ஆகியவற்றை எண்ணெயில் நன்றாக வதக்கி, சீரகப்பொடியையும் சிறிது மிளகாய்த்தூளையும் அந்த எண்ணெயிலேயே அரை நிமிடம் பொரியவிட்டு, பிறகு பருப்பையும் தண்ணீரையும் சேர்க்கிறேன். மசாலாப் பொருள்களின் மணம் தரும் சேர்மங்கள் பெரும்பாலும் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாகக் கரையும் என்பதால், தண்ணீருக்குப் பின் தூவும் பொடி மேலாக மிதந்து நாவில் மாவுபோல் உரசும்.

இந்தச் சூப்பில் தக்காளியும் எலுமிச்சையும் கடைசியில்தான். புளிப்பு சேர்ந்த நீரில் பருப்பும் பயறும் மெதுவாகவே வேகும். செல் சுவர்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் எளிதில் கரைவதில்லை. கால்சியம் மிகுந்த கடின நீரும் இதே தொல்லையைத் தரும். பருப்பு வேகவே இல்லை என்று சிலர் அலுத்துக்கொள்ளும்போது நான் முதலில் கேட்பது, தக்காளியை எப்போது போட்டீர்கள் என்பதைத்தான். பருப்பு கரண்டியில் ஒட்டி வழியும் பதத்துக்கு வந்த பிறகு, வதக்கிய தக்காளியைச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். பரிமாறும்போது ஒரு கரண்டி வெண்ணெயை உருக்கி, அடுப்பிலிருந்து எடுத்தபின் அதில் மிளகாய்த்தூளைப் போட்டு, சிவந்த அந்த நெய்ப்பைக் கிண்ணங்களின் மேல் கோடாக ஊற்றுகிறேன். அழகுக்காக மட்டும் இல்லை. மேலே பரவும் மெல்லிய கொழுப்புப் படலம் ஆவியாதலைக் குறைத்து, சூப்பைக் கூடுதல் நேரம் சூடாக வைத்திருக்கிறது.

கோழி எலும்பு சூப் நேரம் கேட்கும் வேலை. ஓய்வான ஒரு நாளில் அடுப்பில் ஏற்றிவிட்டால் அந்த வாரம் முழுவதற்கும் அடித்தளம் கிடைத்துவிடும். ஒரு கிலோ எலும்புக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்பது என் கணக்கு. முதுகெலும்பு, கழுத்து, இறக்கை, கால் ஆகியவை கலந்திருந்தால் நல்லது. தோலும் குருத்தெலும்பும் மிகுந்த பகுதிகளில்தான் கொலாஜன் என்னும் புரதம் நிறைந்திருக்கிறது. நீண்ட நேரச் சூட்டில் அது ஜெலட்டினாக மாறிச் சாற்றுக்கு ஒருவகை வழுவழுப்பைத் தருகிறது. நெஞ்சுக்கறியை மட்டும் போட்டுச் செய்த சூப் எவ்வளவு மணமாக இருந்தாலும் வாயில் நீராகவே ஓடுவது இதனால்தான்.

தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். எலும்புகளைக் குளிர்ந்த நீரில் இட்டு மெதுவாகச் சூடாக்கினால், கரையும் புரதங்கள் படிப்படியாகத் திரண்டு சாம்பல் நிற நுரையாக மேலே வரும். அதை வலைக்கரண்டியால் எடுத்துவிட்டால் சாறு தெளிந்திருக்கும். கொதிநீரில் போட்டால் அவை துகள்களாக உறைந்து சாறெங்கும் பரவிவிடும். நுரை எடுத்து முடிந்த பிறகுதான் வெங்காயம், கேரட், செலரி, மிளகு எல்லாம். அதற்கு முன்பே போட்டால் நுரையை எடுக்கும் கரண்டியில் மிளகும் சேர்ந்து வந்துவிடும். பிறகு தீயை நன்றாகத் தணித்து, பாத்திரத்தின் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழிகள் மட்டும் சோம்பலாக எழுந்து உடையும் நிலையில் மூன்று நான்கு மணி நேரம் விட வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறிச் சாற்றோடு கலந்து பால்போல் கலங்கிவிடும். சில சமையல் மரபுகள் வேண்டுமென்றே அப்படிக் கலங்கிய சாற்றைத் தயாரிக்கின்றன, அதன் சுவை தனி. நான் விரும்புவது தெளிந்த பொன்னிறச் சாறு.

கறியை எலும்போடு நான்கு மணி நேரமும் வேகவிடக் கூடாது. முழுக்கோழியாகப் போட்டிருந்தால், முக்கால் மணி நேரத்தில் நெஞ்சுப்பகுதி வெந்துவிடும். அதன் உள்வெப்பம் 74 டிகிரியை எட்டியிருந்தால் போதும். கறியைப் பிய்த்து எடுத்துத் தனியே வைத்துவிட்டு, எலும்பை மட்டும் மறுபடி பாத்திரத்தில் இடுகிறேன். பரிமாறும் நேரத்தில்தான் கறி சாற்றுக்குத் திரும்புகிறது. அப்போது அது நாராகாமல் மிருதுவாக இருக்கும். நேரமில்லாத நாள்களில் பிரஷர் குக்கரே துணை. அதனுள் வெப்பம் 120 டிகிரி அளவுக்கு உயர்வதால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிகிறது. அழுத்தத்தில் நீர் கொந்தளிக்காமல் அடங்கி இருப்பதால் சாறும் தெளிவாகவே வருகிறது. ஆனால் ஆவி தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். விசிலைத் தூக்கி ஆவியைச் சட்டென்று வெளியேற்றினால் உள்ளே ஒரே நொடியில் பொங்கிக் கொதித்து அத்தனை தெளிவும் போய்விடும். வடிகட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால், காலையில் கொழுப்பு மேலே வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும், கீழே சாறு கட்டியாகத் தளும்பும். பாத்திரத்தைச் சாய்த்தால் ஒழுகாமல் மொத்தமாக நடுங்கும் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது, ஜெலட்டின் முழுவதும் இறங்கிவிட்டது என்ற திருப்தி ஏற்படும்.

சளி பிடித்தவருக்குக் கோழி சூப் கொடுக்கும் வழக்கம் மிகப் பழையது. 12ஆம் நூற்றாண்டு மருத்துவர் மைமோனிடிஸ் அதைப் பரிந்துரைத்திருக்கிறார். 1978இல் செஸ்ட் மருத்துவ இதழில் வெளிவந்த சிறிய ஆய்வொன்று, சூடான கோழி சூப்பை அருந்தியபோது மூக்கில் சளி நகரும் வேகம் கூடியதைக் காட்டியது. 2000இல் அதே இதழில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஸ்டீஃபன் ரெனார்டும் உடன் ஆய்வாளர்களும், கோழி சூப் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களின் நகர்வைச் சோதனைக்கூடத்தில் மட்டுப்படுத்தியதைப் பதிவு செய்தார்கள். இவற்றை வைத்துச் சூப் சளியைக் குணமாக்கும் என்று சொல்லிவிட முடியாது. நோயாளிக்குத் தண்ணீரும் உப்பும் சிறிது புரதமும் ஒருங்கே போய்ச் சேருகின்றன, ஆவி மூக்கடைப்பை இளக்குகிறது, பசியற்றவர்கூட மறுக்காமல் குடிக்கிறார். ஒரு கிண்ணச் சாற்றிடம் இதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை.

இறைச்சி உண்ணாதவர்களின் சூப் சப்பென்றுதான் இருக்கும் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா, கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டறிந்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். தக்காளியிலும் முதிர்ந்த சீஸிலும் அது இருக்கிறது. உலர்ந்த ஷீட்டாக்கே காளானில் குவானிலேட் என்னும் மற்றொரு பொருள் நிறைந்திருக்கிறது. இவ்விரண்டும் சந்திக்கும்போது சுவை வெறுமனே கூடுவதில்லை, பன்மடங்கு பெருகுகிறது. ஆகவே காய்கறிச் சாற்றில் ஒரு துண்டு தக்காளியும் இரண்டு மூன்று உலர்ந்த காளானும் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். காளான் ஊறிய நீரைக் கொட்டிவிடாமல், அடியில் தங்கும் மண்ணை மட்டும் துணியில் வடிகட்டிவிட்டு, சூப்பிலேயே ஊற்ற வேண்டும். காய்கறிச் சாறு முக்கால் மணி நேரத்துக்கு மேல் கொதிக்கத் தேவையில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் போன்றவற்றை அதில் சேர்க்கவே கூடாது. நெடுநேரம் வேகும்போது எழும் கந்தக நெடி மற்ற எல்லா மணத்தையும் அமுக்கிவிடும்.

புதிய காளானைக் கொண்டு செய்யும் சூப்பில் கவனிக்க வேண்டியது, அதைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து அதிகத் தீயில் வதக்குவது மட்டுமே. வாணலியை நிரப்பினால் காளான் தன் நீரிலேயே வெந்து ரப்பராகும். பார்லியோடு சேர்த்துச் செய்யும்போது அது தரும் நிறைவுக்கு வேறெந்தக் காய்கறி சூப்பும் ஈடாகாது.

மஞ்சள் பூசணி சூப்பும் உருளைக்கிழங்கு சூப்பும் குழந்தைகள் விரும்புபவை. பூசணியைத் தோலோடு சுட்டு வழித்தெடுத்தால் உரிக்கும் சிரமம் இல்லை, இனிப்பும் கூடும். உருளைக்கிழங்கை மட்டும் மிக்ஸியில் அரைக்கக் கூடாது. வேகமான கத்தி ஸ்டார்ச் துகள்களை உடைத்து, சூப்பைப் பசைபோல் இழுக்கும்படி ஆக்கிவிடும். மத்தாலோ மசிப்பானாலோ மசித்தால் போதும். மற்றவற்றை அரைக்கும்போதும் சூடான சூப்பை மிக்ஸி ஜாடியில் பாதிக்கும் கீழேதான் ஊற்ற வேண்டும். உள்ளே ஆவி சட்டென்று விரிந்து மூடியைத் தூக்கி எறிந்துவிடும். சற்று ஆறவிட்டு, மூடியின் நடுத்துளையைத் திறந்து, அதன்மேல் மடித்த துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குறைந்த வேகத்தில் தொடங்குவதே பாதுகாப்பு.

ராஜ்மா சேர்த்துச் செய்யும் சூப்புக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். சரியாக வேகாத சிவப்பு ராஜ்மாவில் உள்ள ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்னும் நச்சுப்புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் நன்கு கொதிக்கவைப்பதே அதை அழிக்கும் வழி. குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்பார்கள். நான் அரை மணி நேரம் கொதிக்கவிட்ட பிறகே தீயைத் தணிக்கிறேன். கொதிநிலையை எட்டாமல் மந்தமாகச் சூடேற்றும் மின்பாத்திரங்களில் ஊறிய ராஜ்மாவை நேரடியாகப் போடுவது ஆபத்து. அந்த மிதமான சூட்டில் நச்சு அழிவதில்லை.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வழக்கமாக நாவுக்கு இதமாகத் தோன்றும் அளவு ஒரு லிட்டருக்கு 8 முதல் 10 கிராம். ஒருவர் 300 மில்லி குடித்தால் ஏறத்தாழ 3 கிராம் உப்பு உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாள் முழுவதற்கும் சேர்த்தே 5 கிராமுக்கும் குறைவு. சூப்பையே இரவு உணவாக்கிக்கொண்ட எங்கள் வீட்டில் இந்தக் கணக்கு அலட்சியப்படுத்தக் கூடியதாக இல்லை. என் மாமியார் மருத்துவரின் அறிவுரைப்படி உப்பைக் குறைத்தபோதுதான் நான் இதில் கவனமாக இறங்கினேன். லிட்டருக்கு 6 கிராம் போட்டு வைத்த பருப்பு சூப்பை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கல்லு உப்பு போடேன்மா, நாக்குல ஒட்டவே மாட்டேங்குது" என்றார். "ஒரு நிமிஷம் இருங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, அதே கிண்ணத்தில் அரை எலுமிச்சையைப் பிழிந்து, மிளகைப் புதிதாகப் பொடித்துத் தூவிக் கொடுத்தேன். அவர் மறுபடி உப்புக் கேட்கவில்லை. புளிப்பு உப்பின் குறையை நாவு உணராதபடி செய்துவிடுகிறது. சூப் ஏதோ குறைவதாகத் தோன்றும்போது உப்பு டப்பாவை நோக்கிக் கை போவதற்கு முன், சில துளி எலுமிச்சையோ வினிகரோ சேர்த்துச் சுவைத்துப் பார்ப்பது என் வழக்கமாகவே ஆகிவிட்டது.

சாறு வற்றுவதாலும் உப்பு ஏறும். தொடக்கத்தில் சரியாக இருந்த சூப், கால் பங்கு நீர் ஆவியானபின் கரிக்கும். எனவே வதக்கும்போது ஒரு சிட்டிகை, மற்றதெல்லாம் இறக்குவதற்குச் சற்று முன்புதான். கடைகளில் விற்கும் சூப் கட்டிகளைப் பயன்படுத்துவோர் அதைக் கரைத்துக் கொதிக்கவிட்டுச் சுவைத்த பிறகே தனியாக உப்புச் சேர்க்க வேண்டும். பெரும்பாலான கட்டிகளில் முதன்மைப் பொருளே உப்புதான். உப்புக் கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுத்தால் சரியாகிவிடும் என்று பரவலாகச் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தேர்ந்து உறிஞ்சுவதில்லை, உப்புக் கலந்த நீரைத்தான் உறிஞ்சுகிறது. மிஞ்சிய சூப்பின் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத சாறோ, வெந்நீரோ, வேகவைத்து மசித்த பருப்போ சேர்த்து அளவைக் கூட்டுவதே உண்மையான தீர்வு.

கிரீம், தயிர் போன்றவையும் கடைசியில் வருபவையே. புளிப்புள்ள சூப் கொதித்துக்கொண்டிருக்கும்போது தயிரை ஊற்றினால் திரிந்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு கரண்டிச் சூடான சூப்பைத் தயிரில் விட்டுக் கலக்கி அதை வெதுவெதுப்பாக்கி, பிறகு அந்தக் கலவையைப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். கொழுப்பு நிறைந்த கிரீம் அவ்வளவு எளிதில் திரியாது. சோள மாவு கரைத்துக் கெட்டியாக்குவதை நான் கூடியவரை தவிர்க்கிறேன். ஒரு கைப்பிடி மசூர் பருப்போ, மசித்த காயோ தரும் கெட்டித்தன்மையில் சுவையும் சேர்ந்தே வருகிறது. கொத்தமல்லி, பார்ஸ்லி போன்ற மென்மையான தழைகளைக் கிண்ணத்தில் ஊற்றிய பின் தூவினால் போதும். பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் நிறமும் மணமும் இரண்டும் போய்விடும்.

குளிர்நாளில் கிண்ணமும் குளிர்ந்திருக்கும் என்பதால், பரிமாறுவதற்கு முன் அதில் வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் வைத்துக் கொட்டிவிடுகிறேன். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய வேகத்தில் குடிக்கக் கொடுப்பதில்லை. 65 டிகிரிக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்களை அருந்துவது உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. அது பானங்களைப் பற்றிய முடிவுதான். சூப்பும் அதே தொண்டை வழியாகத்தானே இறங்குகிறது என்று எண்ணி, சில நிமிடம் பொறுத்திருக்கச் சொல்கிறேன். சற்று ஆறினால் சுவையும் தெளிவாகத் தெரிகிறது.

மிஞ்சியதைப் பாதுகாப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு, பெரிய பாத்திரத்தை அப்படியே அடுப்பின்மேல் இரவு முழுவதும் விட்டுவைப்பது. வெளியே குளிராக இருக்கிறது, கெட்டுப்போகாது என்று நினைப்பார்கள். ஆனால் கெட்டியான சூப்பின் நடுப்பகுதி மிக மெதுவாகவே ஆறும். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் போன்ற கிருமிகளின் வித்துகள் கொதிநிலையிலும் அழியாமல் தங்கி, அந்த நீண்ட வெதுவெதுப்பில் பெருகும். ஆழமற்ற சிறு பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, வேண்டுமானால் பனிக்கட்டி மிதக்கும் நீரில் பாத்திரத்தை இறக்கி வைத்துக் கிளறி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மூன்று நான்கு நாள்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. சூடாக்கும்போது முழுப் பாத்திரத்தையும் மீண்டும் மீண்டும் கொதிக்கவைக்காமல், அன்றைய தேவைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்.

உறையவைப்பதானால் பருப்பு சூப்பும் எலும்புச் சாறும் இரண்டு மூன்று மாதம் சுவை குன்றாமல் இருக்கும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால், டப்பாவின் மேற்புறத்தில் இரண்டு விரற்கடை இடம் விட வேண்டும். கிரீம் சேர்த்தவை பிரிந்துபோகும். உருளைக்கிழங்குத் துண்டுகள் பஞ்சாகிவிடும். பாஸ்தா குழைந்து கரையும். அத்தகையவற்றைச் சேர்க்காமல் உறையவைத்து, சூடாக்கும் அன்று புதிதாகச் சேர்த்துக்கொள்வதே முறை. பார்லி சேர்த்த சூப் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும்போதே சாற்றை உறிஞ்சிக்கொண்டு மறுநாள் கஞ்சியாக நிற்கும். அதற்குக் கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இளக்கி, உப்பைச் சுவைத்துச் சரிசெய்து, எலுமிச்சையை மறுபடி புதிதாகப் பிழிய வேண்டும். முந்தின நாள் பிழிந்த சாற்றின் மணம் அதற்குள் மங்கியிருக்கும்.